போதும் என்று சொல்லத் தெரியாத ரிசர்ச் ஏஜென்சி: ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்

திட்டித் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. டாக்டரிடம் அப்பாயிண்ட்மெண்ட் எடுக்கும் ஒரு ஆப்பை நாங்கள் நடத்துகிறோம். சின்ன டீம், சொந்தமாக ஒரு ரிசர்ச்சரை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வேலையும் இல்லை, வசதியும் இல்லை, அதனால் யூசர் ரிசர்ச்சை (ஆப்பைப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தும் பேசியும் புரிந்துகொள்ளும் வேலை) வெளியே ஒரு ஏஜென்சியிடம் கொடுத்து வாங்குகிறோம். ஒரு வருடத்தில் மூன்று ஸ்டடியும் ஒரு ஏ/பி டெஸ்டும் (இரண்டு வடிவத்தை ஆளுக்கு ஒன்றாகக் காட்டி எது நன்றாக வேலை செய்கிறது என்று பார்ப்பது) அவர்கள் மூலம் நடந்திருக்கின்றன. அடுத்ததற்கும் அவர்களிடம்தான் போகப்போகிறோம். பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லவரும் குறையில் பாதி எங்களுடையது, அதை முழுக்க அவர்கள் தலையில் கட்டினால் நியாயமாக இருக்காது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆள் பிடித்துத் தருவதில் கெட்டிக்காரர்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் காணாமல் போகிறவர்கள் இந்தத் தொழிலில் சகஜம், இவர்களிடம் எப்போதும் ஒரு மாற்று ஆள் தயாராக இருப்பார். பேட்டியின் எழுத்துப்படி மறுநாள் காலையில் வந்துவிடும். முக்கியமாக, இவர்களுடைய மாடரேட்டர்களுக்கு, அதாவது பேட்டி எடுக்கிறவர்களுக்கு, கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரியும், இது எவ்வளவு அபூர்வம் என்று நாலு இன்டர்வியூ பதிவைக் கேட்டவர்களுக்குப் புரியும். ஒன்றரை நட்சத்திரத்தை நான் குறைத்ததற்கு ஒரே காரணம், ஸ்டடியை எப்போது முடிப்பது என்ற விஷயம். ஒரு தடவை சீக்கிரமே முடித்தார்கள், ஒரு தடவை முடிக்கவே மாட்டேன் என்றார்கள், மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது, அதுவும் சண்டை போட்ட பிறகு.

முதலில் எடுத்தது அவர்களுடைய "ஐந்து பேர்" பேக்கேஜ். ஐந்து பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஆப்பைக் கையில் கொடுத்து, "நாளைக்குப் பல் டாக்டரைப் பார்க்க நேரம் எடுங்கள்" என்பது போல நாலு வேலை சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது. ஏன் ஐந்து என்று கேட்டால் ஒரு ஸ்லைடைக் காட்டுவார்கள்: வேகமாக மேலேறி அப்புறம் படுத்துவிடும் ஒரு வளைகோடு, ஐந்தாவது ஆளுக்கு நேராக 85 சதவீதச் சிக்கல்கள் கண்ணில் பட்டுவிடும் என்று ஒரு புள்ளி. இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் பார்த்த படம்தான். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லேண்டவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் போட்ட கணக்கு அது, 2000-இல் நீல்சன் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. ஸ்லைடில் இல்லாத விஷயம் என்னவென்றால், ஒரு சிக்கலில் ஒரு ஆள் மாட்டுவதற்கான வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த 85 வரும். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் வரும் சிக்கல் என்றால், ஐந்து பேருக்குள் அது கண்ணில் படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். அதை 85-க்குக் கொண்டுபோக 18 பேர் வேண்டும். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை, 0.9-ஐ அதே எண்ணால் பெருக்கிக்கொண்டே போய் ஒன்றிலிருந்து கழித்தால் யாருக்கும் வரும் விடை.

லாரா ஃபாக்னர் என்ற ஆய்வாளர் 2003-இல் 60 பேரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். அந்த 60 பேரிலிருந்து ஐந்து ஐந்து பேராகக் குலுக்கி எடுத்தால், சில ஐவர் குழு 99 சதவீதச் சிக்கல்களைக் கண்டுபிடித்துவிட்டது, சில குழு 55 சதவீதத்தோடு நின்றுவிட்டது. சராசரி என்னவோ அதே 85 பக்கம்தான். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரே ஒரு குழுவை, சராசரியை இல்லை. நம் கைக்கு வந்தது 99-ஆ 55-ஆ என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லவும் முடியாது, கண்டுபிடிக்காதது ரிப்போர்ட்டில் எப்படி இருக்கும்?

எங்கள் ஐந்து பேரிடம் நடந்ததைச் சொல்கிறேன். தேதி தேர்ந்தெடுக்கும் திரை திறந்ததும் இன்றைய தேதி வந்து நிற்கும், இன்றைக்கு நேரம் காலி இல்லை என்றால் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் "நேரம் இல்லை" என்று வரும். முதல் ஆள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த டாக்டர் இப்போது பார்ப்பதில்லை போல" என்று சொல்லித் திரும்பிவிட்டார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது பெண்மணி திரும்பிப் போய் வேறு டாக்டரைத் தேடி, அங்கேயும் அதே சாம்பல் எழுத்தைப் பார்த்து, "எல்லாரும் லீவா?" என்று சிரித்தார். அந்த இடத்திலேயே எங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நாலாவது ஆளும் ஐந்தாவது ஆளும் அதே சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள். 2002-இல் மைக்ரோசாஃப்டில் கேம்களை இப்படிச் சோதித்த ஒரு குழு, சிக்கலும் தீர்வும் தெளிவாகத் தெரிந்துவிட்டால் அடுத்த ஆள் வருவதற்குள் மாற்றிவிடு, மாற்றியதை அடுத்த ஆளிடம் பார் என்று இதை ஒரு முறையாகவே எழுதிவைத்திருக்கிறது. நீல்சனும் ஐந்து பேரோடு கடையை மூடு என்று சொல்லவில்லை, 15 பேருக்கு வழி இருந்தால் மூன்றாகப் பிரித்து, நடுவே நடுவே சரிசெய்துகொண்டே போ என்றுதான் சொன்னார். ஏஜென்சி அதில் முதல் ஐந்தை மட்டும் எடுத்து பேக்கேஜ் ஆக்கிவிட்டது. நாங்களும் "ஸ்டடி நிறைவடைந்தது" என்ற மெயிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டோம்.

தேதித் திரையைச் சரிசெய்து வெளியிட்டோம். அடுத்த வாரமே வேறொரு புகார் வர ஆரம்பித்தது, "உறுதிசெய் பட்டனே இல்லை". ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்த பட்டன் திரைக்குக் கீழே போய்விடுகிறது, அந்தப் பக்கத்தைத் தள்ளவும் முடியாது. வந்த ஐந்து பேரில் யாரும் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கவில்லை. ஆள் தேர்வுக்கான கேள்வித்தாளில் வயது கேட்டிருந்தார்கள், ஃபோன் மாடல் கேட்டிருந்தார்கள், எழுத்தின் அளவைக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கச் சொல்லவில்லை. கடைசித் திரை பற்றி ரிப்போர்ட்டில் "சிக்கல் எதுவும் இல்லை" என்று பச்சை டிக் இருந்தது. ஐந்து பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்பதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? பயன்படுத்துகிறவர்களில் 45 சதவீதம் பேருக்கு ஒரு சிக்கல் இருந்தாலும்கூட, அவர்களில் ஒருவர்கூட நம் ஐந்து பேருக்குள் வராமல் போக இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. பச்சை டிக்கை நம்பி யாராவது கை வைக்கும் முன் இதை ஒரு தடவை யோசிக்கலாம். எங்கள் விஷயத்தில் தேதித் திரையிலேயே இரண்டு பேர் அதிக நேரம் செலவழித்ததால் கடைசித் திரையை அவசர அவசரமாகத்தான் கடந்தார்கள் என்பதையும் பதிவைத் திரும்பப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

சரி, இது சீக்கிரம் முடித்த கதை. அடுத்தது முடிக்காத கதை.

இரண்டாவது ஸ்டடிக்கு இன்டர்வியூ முறை. அப்பாயிண்ட்மெண்ட் நினைவூட்டலை மாற்றி அமைக்கவேண்டியிருந்தது, ஆட்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், ஏன் அணைத்து வைக்கிறார்கள் என்று தெரியவேண்டும். ஐந்து பேர் விஷயத்தில் சூடுபட்டிருந்ததால் "சாச்சுரேஷன் வரை" என்ற பேக்கேஜை எடுத்தோம். புதிதாக எதுவும் வராத நிலை வரும்வரை இன்டர்வியூ எடுப்பார்கள், தலைக்கு இவ்வளவு என்று பில் வரும். ஆள் கூடக்கூட யாருக்கு லாபம் என்பதை அப்போதே யோசித்திருக்கவேண்டும். கெட்ட எண்ணத்தோடு இழுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இன்னொரு ஆளைச் சேர்ப்பதால் எந்த நஷ்டமும் இல்லாத ஒருவரிடம் "போதுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

சாச்சுரேஷன் என்ற சொல்லுக்குப் பள்ளி வேதியியலில் தெவிட்டிய கரைசல் என்று படித்திருப்போம். தண்ணீரில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கரையாமல் அடியில் தங்கும், அதற்குமேல் தெவிட்டிவிட்டது. ஆராய்ச்சியில் இந்தச் சொல்லை 1967-இல் பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் கொண்டுவந்தார்கள். எத்தனை பேரில் தெவிட்டும் என்பதற்கு அதிகம் சொல்லப்படும் எண் 12. அது கிரெக் கெஸ்டும் கூட இருந்தவர்களும் 2006-இல் வெளியிட்டது. அவர்கள் எடுத்த 60 இன்டர்வியூவில் கானா நாட்டில் எடுத்த 30-ஐத் திரும்பிப் பார்த்தால், அவற்றில் வந்த டேக்குகளில் (பேச்சில் வரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒட்டும் பெயர்) 73 சதவீதம் முதல் ஆறு இன்டர்வியூவிலேயே வந்துவிட்டது, பன்னிரண்டில் 92 சதவீதம். நம் ஏஜென்சி ஸ்லைடில் இதுவும் இருந்தது. அந்த ஆய்வில் பேசியவர்கள் ஓரளவு ஒரே மாதிரி ஆட்கள், கேட்ட கேள்விகளும் எல்லோருக்கும் ஒன்று, அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் தெவிட்டியது என்பதை அதை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள், ஸ்லைடில் அது இல்லை.

வாரா வாரம் டேஷ்போர்டில் ஒரு கிராஃப் வரும், இந்த வாரம் எத்தனை புது டேக் என்று. பன்னிரண்டாவது ஆள் முடிந்தது, கோடு ஏறிக்கொண்டே இருந்தது. பதினாறு, ஏறுகிறது. ப்ராஜெக்ட்டைப் பார்த்துக்கொண்ட பெண், "இன்னும் சாச்சுரேட் ஆகவில்லை சார், நல்ல ரிச்சான டேட்டா வருகிறது" என்றார். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இருபதாவது ஆளுக்குப் பிறகு ஒரு நாள் சந்தேகம் வந்து டேக் பட்டியலை இறக்கிப் பார்த்தேன். "நினைவூட்டல் தாமதம்" என்று ஒன்று, "நினைவூட்டல் ரொம்பத் தாமதம்" என்று ஒன்று, "நினைவூட்டல் கிளம்பும் நேரத்தில் வந்தது" என்று இன்னொன்று. மூன்றும் ஒரே விஷயம். டேக் போடுகிறவர் நுணுக்கிக்கொண்டே போனால் கரைசல் எந்தக் காலத்தில் தெவிட்டும்? நுணுக்காமல் மொத்தமாகப் போட்டால் நாலாவது ஆளோடு கோடு படுத்துவிடும். அந்தக் கோடு பயன்படுத்துகிறவர்களைப் பற்றிச் சொன்னதைவிட டேக் போட்டவரின் கையைப் பற்றித்தான் அதிகம் சொல்லியது.

இதற்கு நேர் எதிரான தப்பும் அதே பட்டியலில் இருந்தது. "நினைவூட்டலை அணைத்துவிட்டேன்" என்ற டேக் மூன்றாவது ஆளிடமே வந்துவிட்டது, அதற்குப் பிறகு எட்டு பேர் அதையே சொன்னார்கள், கணக்கில் அது பழைய டேக், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பதிவைக் கேட்டால், ஒருவர் அணைத்தது சத்தம் தொந்தரவாக இருப்பதால். இன்னொருவர் அணைத்தது, ஃபோனை வீட்டில் நாலு பேர் எடுப்பார்கள், எந்த டாக்டரிடம் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவேண்டாம் என்பதால். அதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பதிவில் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் ஒரே டேக், ஆனால் தீர்வு ஒன்றுக்கு ஒலியைக் குறைப்பது, மற்றதற்குத் திரையில் டாக்டர் பெயரே வராமல் செய்வது. மோனிக் ஹென்னிங்கும் கூட இருந்தவர்களும் 2017-இல் இதைத்தான் அளந்து காட்டினார்கள்: அவர்கள் எடுத்த 25 இன்டர்வியூவில் என்னென்ன விஷயம் இருக்கிறது என்ற பட்டியல் ஒன்பதிலேயே நிறைந்துவிட்டது, அந்த விஷயங்களுக்கு என்ன அர்த்தம் என்று முழுக்கப் புரிய 16 முதல் 24 வரை தேவைப்பட்டது. டேஷ்போர்டில் முதல் கணக்குக்கு மட்டும்தான் கிராஃப் இருக்கிறது. இரண்டாவதற்கு கிராஃப் போடமுடியாது, உட்கார்ந்து கேட்டாகவேண்டும்.

நாங்கள் 26 வரை போனோம். பதினேழாவது இன்டர்வியூவின் பதிவில், பேசுகிறவர் "அன்றைக்குப் பார்த்து மெசேஜ்..." என்று ஆரம்பித்ததும் மாடரேட்டர் "...கிளம்பும்போதுதான் வந்தது, இல்லையா?" என்று முடித்துவைக்கிறார். காத்திருக்கத் தெரிந்தவர் என்று நான் மேலே புகழ்ந்தேனே, அதே மாடரேட்டர். எந்த கிராஃப்பை விடவும் எனக்கு அதுதான் சரியான அறிகுறி. கேட்கிறவருக்கு அடுத்த வரி தெரிந்துவிட்டது, இனிமேல் கேட்டாலும் காதில் விழாது. இது நல்லதா கெட்டதா என்று அவசரப்பட்டு முடிவு செய்யவும் முடியாது, ஏனென்றால் சலிப்பு என்பது விஷயம் தீர்ந்ததாலும் வரும், ஒரே மாதிரி ஆளையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டதாலும் வரும்.

எங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. 26 பேரும் தங்களுக்காகத் தாங்களே அப்பாயிண்ட்மெண்ட் எடுப்பவர்கள். ஏஜென்சியின் பேனலில் (பேட்டிக்கு அழைக்க வைத்திருக்கும் ஆட்களின் பட்டியல்) அப்படித்தான் ஆள் எடுத்திருந்தார்கள், "கடந்த மூன்று மாதத்தில் டாக்டரைப் பார்த்தீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் சொன்னவர்கள். வேறொருவருக்காக எடுக்கிறவர்கள் அந்தக் கேள்வியிலேயே வடிகட்டப்பட்டுவிட்டார்கள். இதைச் சொல்லி, அப்படிப்பட்ட நாலு பேர் மட்டும் வேண்டும் என்று கேட்டோம். முகத்தைச் சுளிக்காமல் மூன்றே நாளில் பிடித்துக் கொடுத்தார்கள், அதற்கு அரை நட்சத்திரம் கூட்டியிருக்கிறேன்.

அந்த நாலு பேரில் முதலாவது பெண், பத்து நிமிடத்தில் எங்கள் ரிப்போர்ட்டைக் கவிழ்த்துவிட்டார். அவர் அப்பாவுக்கும் மாமியாருக்கும் தன் பிள்ளைக்கும் சேர்த்து எடுக்கிறார், மூன்று பேரும் மூன்று இடத்தில் இருக்கிறார்கள். "நினைவூட்டல் யாருக்கு வரும்?" என்று மாடரேட்டர் கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் எழுந்து போய் ஒரு பழைய டைரியை எடுத்துவந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார். மூன்று நிற மையில் மூன்று பேருடைய தேதிகள், சிலதன் பக்கத்தில் "ஃபோன் பண்ணணும்" என்று ஒரு வட்டம். "உங்கள் மெசேஜ் அப்பாவுக்குத்தான் போகுது, அவர் மெசேஜே படிக்கமாட்டார், நான்தான் காலையில் ஃபோன் பண்ணிக் கிளப்பணும்" என்றார். ஒரு கணக்குக்கு ஒரு நம்பர் என்று நாங்கள் கட்டிவைத்திருந்ததுதான் அவருக்குச் சிக்கல், தாமதம் ஒரு பொருட்டே இல்லை. 26 பேரிடம் பேசியும் இது வரவில்லை, இன்னும் 26 பேரைச் சேர்த்திருந்தாலும் வந்திருக்காது. தெவிட்டிய கரைசலைச் சூடாக்கினால் அதே தண்ணீரில் இன்னும் சர்க்கரை கரையும் என்று அதே பாடத்தில்தான் படித்தோம், எந்தச் சூட்டில் தெவிட்டியது என்று சொல்லாமல் தெவிட்டிவிட்டது என்று மட்டும் சொன்னால் அந்த வாக்கியம் அரைகுறைதான்.

என் பங்கையும் சொல்லவேண்டும். இருபதுக்குப் பிறகு நிறுத்தச் சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை. நினைவூட்டலை எப்படி மாற்றுவது என்று எங்கள் டீமுக்குள் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது, "ரிசர்ச் முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்ல வசதியாக இருந்தது, அதனால் ரிசர்ச் முடியாமலே இருப்பதும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஏஜென்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆனால் வாராந்தர மீட்டிங்கில் ஒரு தடவையாவது "இந்த வாரம் கேட்டது உங்கள் முடிவில் எதையாவது மாற்றியதா?" என்று அவர்கள் கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். அந்தக் கேள்வி அவர்கள் படிவத்தில் இல்லை.

ஏ/பி டெஸ்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், ஏனென்றால் இது எல்லோரும் செய்யும் தப்பு. இரண்டு வகை நினைவூட்டலை ஓடவிட்டோம், நாலாவது நாளில் டேஷ்போர்டு பச்சையாக மினுக்கியது, "வெற்றியாளர் கிடைத்தார், டெஸ்டை முடிக்கலாமா?" என்று ஒரு பட்டனோடு. அந்த பட்டனை வைத்தவர்களைத்தான் கேட்கவேண்டும். தினமும் எட்டிப் பார்த்து, பச்சை வந்த அன்றைக்கு நிறுத்துவது என்றால், உண்மையில் இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, ஐந்து சதவீதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது, ஐந்து தடவை பார்த்தால் சுமார் 14 ஆகிவிடும், பத்துத் தடவை பார்த்தால் 19. ஆர்மிட்டேஜ் என்ற புள்ளியியலாளரும் கூட இருந்தவர்களும் 1969-லேயே போட்டுவைத்த கணக்கு இது. நடுவில் பார்க்கவே கூடாது என்று இல்லை, எத்தனை தடவை பார்ப்போம் என்று முதலிலேயே சொல்லி அதற்கேற்ற கடுமையான எல்லையை வைக்கும் முறைகள் இருக்கின்றன, டேஷ்போர்டில் அது இல்லை. நாங்கள் பட்டனை அழுத்தவில்லை, இரண்டு முழு வாரம் ஓடவிட்டோம், நாலாம் நாள் இருந்த வித்தியாசம் கரைந்து ஒன்றுமில்லாமல் போனது. வார நாளில் வருகிற ஆட்களும் வாரக் கடைசியில் வருகிறவர்களும் வேறு என்பதால் முழு வாரமாக ஓடவிடுவது எப்படியும் நல்லது.

மூன்றாவது ஸ்டடிக்குத்தான் சண்டை. அப்பாயிண்ட்மெண்ட் எடுத்துவிட்டு ஏன் வராமல் போகிறார்கள், ஏன் ரத்து செய்யாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது கேள்வி. ஆரம்பிக்கும் முன்னால் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்: இந்த ஸ்டடி முடிந்ததும் நாங்கள் எடுக்கப்போகும் முடிவு எது, எந்தப் பதில் வந்தால் அந்த முடிவு மாறும், எந்தெந்த வகை ஆட்கள் வராமல் முடிக்கவே கூடாது, அப்புறம் எப்போது நிறுத்துவது. நிறுத்தும் விதியை 2020-இல் கெஸ்டும் இன்னும் இருவரும் எழுதிய ஒரு எளிய கணக்கிலிருந்து எடுத்தோம். முதல் சில இன்டர்வியூவை அடித்தளமாக வைத்து, அதில் எத்தனை விஷயம் வந்தது என்று எண்ணிக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகு இரண்டு அல்லது மூன்று இன்டர்வியூவுக்கு ஒருமுறை புதிதாக எத்தனை வந்தது என்று பார்த்து அடித்தள எண்ணால் வகுக்கவேண்டும். ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். டேக்கை யார் எப்படி நுணுக்குவது என்பதையும் முதலிலேயே பேசி முடித்தோம், ஒரு டேக்குக்கும் இன்னொன்றுக்கும் தீர்வு வேறாக இருந்தால்தான் தனி டேக்.

ப்ராஜெக்ட் மேனேஜர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "குவாலிட்டேட்டிவ் ஸ்டடியில் முன்கூட்டியே எண் சொல்லக்கூடாது சார்" என்றார், அதாவது எண்ணிப் பார்க்காமல் பேசிப் புரிந்துகொள்ளும் ஸ்டடியில். அது நியாயமான பேச்சுதான், நானும் மறுக்கவில்லை. எண் சொல்லவில்லை, எதைப் பார்த்து நிறுத்துவோம் என்றுதான் சொல்கிறோம் என்று இரண்டு மெயில், ஒரு கால், அப்புறம் கொஞ்சம் மௌனம். கடைசியில் தலைக்கு இவ்வளவு என்ற பில்லை விட்டுவிட்டு மொத்தத் தொகைக்கு மாறச் சம்மதித்தார்கள், அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. இந்த ஏஜென்சியிடம் போகிறவர்கள் யாராக இருந்தாலும் நான் சொல்வது இதுதான்: சாச்சுரேஷன் பேக்கேஜை எடுக்காதீர்கள், மொத்தத் தொகைக்குப் பேசுங்கள், கேட்டால் தருகிறார்கள், தானாகச் சொல்வதில்லை.

நடந்தது இப்படி. முதல் ஆறு இன்டர்வியூவில் 24 விஷயங்கள் வந்தன. அடுத்த மூன்றில் புதிதாக நாலு, கிட்டத்தட்ட 17 சதவீதம், தொடர்ந்தோம். அதற்கடுத்த மூன்றில் ஒன்றே ஒன்று, நாலு சதவீதம். பிறருக்காக எடுப்பவர்கள், எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்கள், ஃபோனைப் பகிர்ந்துகொள்பவர்கள் என்று வரவேண்டிய வகை எல்லாம் அந்தப் பன்னிரண்டு பேருக்குள் வந்திருந்தார்கள். பன்னிரண்டில் நின்றது தற்செயல், அந்த 2006 எண்ணைக் குறிவைத்து நிறுத்தவில்லை. அன்று மாலையே ப்ராஜெக்ட் மேனேஜர் அவராகவே மெயில் போட்டார், "விதிப்படி நிறுத்தலாம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று. முடிவை மாற்றக்கூடிய பதில் வந்துவிட்டதா என்று டீமில் கேட்டேன், பத்தாவது ஆளிடமே வந்துவிட்டது என்றார்கள். நிறுத்தினோம்.

முடிக்கும் வேலையை இவர்கள் சுத்தமாகச் செய்கிறார்கள் என்பதையும் எழுதவேண்டும். பேசியவர்களுக்கு நன்றி மெயில் அன்றைக்கே போனது, வீடியோப் பதிவுகளைச் சம்மதப் படிவத்தில் சொன்ன தேதியில் அழித்துவிட்டு அழித்ததாக எழுத்தில் கொடுத்தார்கள். அடுத்த வாரத்துக்கு ஏற்கெனவே நேரம் கொடுத்திருந்த மூன்று பேருக்கு மெயில் போட்டுக் கைகழுவாமல் ஃபோன் செய்து சொன்னார்கள், ஊக்கத்தொகையையும் முழுதாகக் கொடுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "நான் ஃபார்மில் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா அம்மா?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டிருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை சார், உங்களுக்கு முன்னால் பேசியவர்களிடமே எங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவர் சொல்ல, "அப்படியென்றால் என் பிரச்சினையை யார் சொன்னது?" என்று கேட்டாராம். இதை ஒருங்கிணைப்பாளர் எனக்கு அப்படியே எழுதி அனுப்பியிருந்தார்.

மனசு கேட்காமல், அவர் பேசச் சம்மதம் என்று சொன்ன பிறகு நானே அவருக்கு ஃபோன் போட்டேன், ஸ்டடி கணக்கில் சேராமல். பத்து நிமிடம் பேசினார். ரத்து செய்யப் போனால் காரணம் கேட்கிறது, காரணத்தை எழுத அவருக்குக் கூச்சம், அதனால் ரத்து செய்யாமலே விட்டுவிடுகிறார். எங்கள் பட்டியலில் அது ஏழாவதாக இருந்தது.